ஒரே பள்ளத்தில் இரண்டு கேபிள்

ஜூன் 3

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்கக் கை வரவில்லை. நான்கு முறை போன் செய்தேன், நீங்கள் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் மட்டும் என்ன பேசியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன். நடுவில் அழுகை வந்தால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அப்புறம் தொடரலாம் அல்லவா.

அண்ணன் போய் இன்றோடு ஐம்பத்தொரு நாள். உங்களுக்கு வேறு யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது.

அன்று பகல் இரண்டு மணிக்கு அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததும் நீங்கள் அவசர எண்ணை அழைத்தீர்கள். மணி போகவே இல்லை. அதே நேரத்தில் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் ஆறு பேர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "இன்னிக்கு ஒரு கால்கூட வரலியே, ஊரே நல்லா இருக்கு போல" என்று பேசிக்கொண்டிருந்தார்களாம். அந்த அறைக்கு இணைய இணைப்பு கொடுப்பது நான் வேலை பார்க்கும் நிறுவனம் என்பது உங்களுக்குத் தெரியும். இப்போது போன் பேச்சும் இணையம் வழியாகத்தான் போகிறது. எங்கேயோ பள்ளம் தோண்டிய இயந்திரம் கேபிளை அறுத்துவிட்டது. ஐம்பத்திரண்டு நிமிடம் அந்த அறைக்குக் காது கேட்கவில்லை.

உங்களுக்குத் தெரியாதது இதுதான். இம்மாதிரி இடங்களுக்கு ஒரு வழியை நம்பி இணைப்பு கொடுப்பதில்லை. இரண்டு வழி கொடுப்போம்: ஒன்று எங்கள் கேபிள், மற்றது வேறு நிறுவனத்திடம் வாடகைக்கு எடுத்தது. ஒன்று அறுந்தால், திசைமாற்றிக் கருவி தானே அதைக் கண்டுபிடித்து, சில நொடிகளில் எல்லாவற்றையும் மற்ற வழியில் அனுப்பிவிடும். யாரும் எழுந்து போய் எதையும் தொட வேண்டியதில்லை. அந்த அறைக்கும் இரண்டு தனித்தனி வழிகள் இருக்கின்றன என்று சான்றிதழ் இருக்கிறது. அதில் கையெழுத்துப் போட்டது நான்.

வரைபடத்தில் ஒன்று நீலக்கோடு, ஒன்று சிவப்புக்கோடு. இரண்டும் நன்றாகத் தள்ளித் தள்ளித்தான் இருந்தன. பார்த்தேன், போட்டேன்.

"எதிர்பாராத புறக்காரணம். சீர்செய்யப்பட்டது" என்று எழுதி எங்கள் மேலாளர் கோப்பை முடித்துவிட்டார். என்னால் முடிக்க முடியவில்லை. இரண்டாவது வழி ஏன் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிக்கப் போகிறேன். உங்களிடம் எதுவும் கேட்டு எழுதவில்லை. தெரிந்திருக்க வேண்டும் என்றுதான்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் நாத்தனார்


ஜூன் 11

நாத்தனாருக்கு,

கடிதம் வந்தது. இரண்டு முறை படித்தேன்.

அன்று அந்த எண்ணைப் பதினொரு முறை அடித்தேன். அப்புறம் தெருவுக்கு ஓடி, காய்கறி ஏற்றி வந்த வண்டியை மறித்து, மூட்டைகளை இறக்கச் சொல்லி, உன் அண்ணனை அதில் படுக்க வைத்துக் கொண்டுபோனேன். "நேரத்துக்கு வந்திருந்தாலும் உறுதியா சொல்ல முடியாதும்மா" என்றார் டாக்டர். எல்லாரும் அதை ஆறுதல் என்று எடுத்துக்கொண்டார்கள். உறுதியாகச் சொல்ல முடியாது என்றால், பிழைத்திருக்கலாம் என்றும்தானே அர்த்தம்.

நீ கையெழுத்துப் போட்டாய் என்று நீயே எழுதியிருக்கிறாய். சரி. தெரிந்துகொண்டேன்.

போன வாரம் நீ வாசல் வரை வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போனதாக எதிர்வீட்டம்மாள் சொன்னாள். வந்தவள் உள்ளே வந்திருக்கலாம். நான் கடித்துவிட மாட்டேன்.

கேபிளைப் பற்றி எனக்கு எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அண்ணன் மனைவி


ஜூலை 2

அன்புள்ள அண்ணிக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். மூன்று வாரம் எழுதாமல் இருந்தேன். இப்போது எழுதாமல் இருந்தால் அது தப்பு.

நீலக்கோட்டையும் சிவப்புக்கோட்டையும் நடந்தே பார்த்துவிட்டேன். விடுமுறை நாட்களில்தான், அலுவலக நேரத்தில் போகக்கூடாது என்று மேலாளர் சொல்லிவிட்டார். கூட வந்தவர் கேபிள் ஒட்டும் வேலை செய்பவர். ஒல்லியாக, எப்போதும் தோளில் கேபிள் சுருளோடு இருப்பதால் அவருக்கு எங்கள் இடத்தில் 'நூல்கண்டு' என்று பெயர். தெருவில் பதித்திருக்கும் இரும்பு மூடிகளை அவர் கடப்பாரையால் நெம்பித் தூக்குவார். நான் டார்ச் அடித்து உள்ளே எந்தக் கேபிள், எந்தப் பக்கம் போகிறது என்று குறித்துக்கொள்வேன். முப்பத்தொரு மூடி. ஒன்றில் பூனை குட்டி போட்டிருந்தது. அது எங்களைப் பார்த்துச் சீறிய சீறலில் நூல்கண்டு, "இது நம்ம கேபிளை நல்லா காவல் காக்குதும்மா, மூடிருவோம்" என்றார்.

கட்டுப்பாட்டு அறையிலிருந்து கிளம்பும்போது இரண்டும் வேறு வேறு தெருவில்தான் போகின்றன. ஒன்பது கிலோமீட்டர் ஒன்றை ஒன்று பார்க்காமல் போகின்றன. கால்வாய் வந்ததும், குறுக்கே இருக்கும் சின்னப் பாலத்துக்கு முன்னால், இரண்டும் வந்து சேர்ந்துவிடுகின்றன. இருநூறு மீட்டர் ஒரே பள்ளத்தில் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக்கொண்டு போகின்றன. பாலத்தைத் தாண்டியதும் மறுபடி பிரிந்துகொள்கின்றன. அந்த இருநூறு மீட்டருக்குள்தான் இயந்திரம் தோண்டியிருக்கிறது. ஒரே வெட்டில் இரண்டும் போய்விட்டன. கருவி தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. மாற்று வழியைத் தேடியிருக்கிறது. மாறுவதற்கு வழிதான் இல்லை.

இரண்டு வழி என்று நான் கையெழுத்துப் போட்டேன். அங்கே இருந்தது ஒன்றரை வழிகூட இல்லை.

"ரோடு டிபார்ட்மெண்ட் ஒரே பள்ளத்துக்குத்தான் அனுமதி குடுத்தாங்க, நாம என்ன பண்றது" என்கிறார் மேலாளர். உண்மையா என்று தெரியவில்லை. அண்ணி, தெரு தோண்ட அனுமதி கொடுக்கும் பிரிவில் நீங்கள் பதினெட்டு வருடமாக இருக்கிறீர்கள். இதை உங்களிடம் கேட்கும் தகுதி எனக்கு இல்லை. இருந்தும் கேட்கிறேன். அந்தக் கால்வாய்ப் பாலத்துக்கான கோப்பு உங்கள் அலமாரியில் இருக்கிறதா? ஏன் ஒரே பள்ளம் என்று அதில் எழுதியிருக்கிறதா?

உங்கள் நாத்தனார்


ஜூலை 19

நீ கேட்ட கோப்பு இருக்கிறது.

நேற்று காலை எடுத்தேன். நான்கு வருடத்துக்கு முந்தையது. முதலில் ஒரு நிறுவனம் பாலத்தருகே தோண்ட அனுமதி கேட்டிருக்கிறது. பத்து நாள் கழித்து இன்னொரு நிறுவனம். அந்தப் பாலத்து வழியாகத்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகிறார்கள். அதற்கு முந்தைய மாதம் ஒரு சிறுமி திறந்து கிடந்த பள்ளத்தில் விழுந்து கை ஒடிந்து, அவள் அப்பா எங்கள் அலுவலகத்துக்கு வந்து மேசையைத் தட்டிக் கத்திவிட்டுப் போனார். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

கோப்பின் மூன்றாம் பக்கத்தில் ஒரு குறிப்பு: "ஒரே சாலையை இருமுறை தோண்டுவது பொதுமக்களுக்கு இடையூறு. இரு நிறுவனங்களும் ஒரே பள்ளத்தைப் பயன்படுத்திக்கொள்ளப் பணிக்கலாம்." கீழே சுருக்கொப்பம். அதிகாரி பக்கத்தில் 'நல்ல யோசனை' என்று பச்சை மையில் எழுதியிருக்கிறார்.

கையெழுத்து என்னுடையது.

அந்தக் கேபிளுக்குள் என்ன போகிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்குக் கேபிள் என்றால் அகலம், ஆழம், எத்தனை நாளில் மூடுவார்கள், இவ்வளவுதான். நல்லது செய்கிறேன் என்றுதான் எழுதினேன். அன்று வீட்டுக்கு வந்து உன் அண்ணனிடம் சொன்னேன். "பரவாயில்லையே, உன்னால ஊர்ல ஒரு பள்ளம் கொறஞ்சுது" என்றார்.

கோப்பை மடியில் வைத்துக்கொண்டு மதிய இடைவேளை வரை உட்கார்ந்திருந்தேன். திரும்ப அலமாரியில் வைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. பக்கத்து மேசைக்காரி வந்து, "என்னக்கா, பேய் அறைஞ்ச மாதிரி இருக்கே" என்றாள். "தலைவலி" என்றேன்.

அப்புறம் எழுந்து போய் நகல் எடுத்தேன். இதோடு வைத்திருக்கிறேன்.

உன் மேல் கோபமாக இருந்தேன். இப்போது அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அண்ணி


ஆகஸ்ட் 1

அன்புள்ள அண்ணி,

நீங்கள் அனுப்பிய நகல் பத்து நாளாக என் பையில் இருக்கிறது. யாரிடமும் காட்டவில்லை. காட்டவும் மாட்டேன்.

கொடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எங்கள் மேலாளர் அந்த ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு எல்லாப் பழியையும் உங்கள் தலையில் கட்டிவிடுவார். பத்திரிகைக்காரர்களுக்கும் அதுதான் செய்தி: செத்தவரின் மனைவியே காரணம். அதற்கு நான் உடந்தையாக இருக்க மாட்டேன். நகலைக் கிழித்துவிடுகிறேன். என் அறிக்கையில் ஒரே பள்ளம் என்று மட்டும் எழுதுகிறேன். யார் சொல்லி என்று எழுதாமல் விட்டுவிடலாம்.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். கட்டுப்பாட்டு அறைக்குள் திசைமாற்றிக் கருவிகள் இரண்டு இருக்கின்றன, ஒன்று பழுதானால் மற்றது என்று. போன வாரம் அங்கே குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தேன். அறையைச் சுத்தம் செய்யும் அம்மா துடைப்பத்தோடு நின்றிருந்தாள்.

"என்னம்மா தேடுறீங்க?"

"இந்த ரெண்டு பொட்டிக்கும் கரண்ட் எங்கேருந்து வருதுன்னு பாக்கறேன்."

"ரெண்டும் ஒரே பலகையிலதானே சொருகியிருக்கு. நான் பெருக்கறப்ப கால் பட்டுடக்கூடாதேன்னு தெனமும் பயந்துக்கிட்டே பெருக்கறேன்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நாங்கள் ஏழு பொறியாளர்கள் ஆய்வு செய்த அறை அது. அன்றே ஒன்றைப் பிடுங்கி வேறு சுவரில், வேறு மின்தடத்தில் மாட்டச் செய்தேன்.

தோண்டித் துருவிக்கொண்டே இருந்தால் தொலைதூர நிலையத்துக்கு மாற்றிவிடுவோம் என்று மேலாளர் சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்துக்கொண்டே, "அங்க எத்தனை வழி சார்?" என்றேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கோப்பைத் திரும்ப அலமாரியில் வைத்துவிடுங்கள், அண்ணி.

உங்கள் நாத்தனார்


ஆகஸ்ட் 9

நாத்தனாருக்கு,

கிழித்துவிட்டாயா? கிழித்திருந்தால் இன்னொரு நகல் எடுத்து அனுப்புகிறேன். எத்தனை கிழித்தாலும் அனுப்புவேன்.

என் விஷயத்தை எனக்காக முடிவு செய்ய உனக்கு யார் சொன்னது? உன் கையெழுத்தை நீ ஒளிக்கவில்லை. முதல் கடிதத்திலேயே போட்டு உடைத்தாய். நான் மட்டும் உன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள வேண்டுமா? உன் அண்ணன் இருந்திருந்தால் ஒத்துக்கொண்டிருப்பாரா?

யோசித்துப் பார். நீ நிரப்பிய படிவத்தில் தரைக்குக் கீழே பள்ளம் ஒன்றா இரண்டா என்று கேள்வியே இல்லை. நான் நிரப்பிய படிவத்தில் இந்தக் கேபிள் யாருக்காக என்று கேள்வியே இல்லை. இரண்டு பேரும் நம் படிவத்தைச் சரியாகத்தான் நிரப்பியிருக்கிறோம். இந்தத் தாள் வெளியே வராவிட்டால் நாளைக்கு என் நாற்காலியில் வேறு ஒருத்தி உட்கார்ந்து, பிள்ளைகள் விழக்கூடாதே என்ற நல்ல மனசோடு இதையே எழுதுவாள்.

அதனால் திங்கட்கிழமை நானே கோப்பை எடுத்துக்கொண்டு அதிகாரியிடம் போனேன்.

"யாரும் கேக்காத ஃபைலை எதுக்கும்மா தூக்கிட்டு வர்றே?" என்றார்.

"யாரும் கேக்கலைன்னுதான் சார் கொண்டு வந்தேன்."

"உனக்கே ஆபத்தும்மா."

"எனக்கு வர வேண்டிய ஆபத்து வந்துட்டுப் போயாச்சு சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். என் மீது விசாரணை உண்டு. வரட்டும். படிவத்தில் ஒரு புதிய பத்தி சேர்க்க எழுதிக் கொடுத்திருக்கிறேன்: 'இந்தக் கேபிளுக்கு மாற்றுவழி எது? அது எந்தத் தெருவில் போகிறது?'

இன்னும் கேள். நான்கு வருடக் கோப்புகளையும் புரட்டிவிட்டேன். இதே குறிப்பை இன்னும் ஏழு இடங்களுக்கு எழுதியிருக்கிறேன். ஒன்று பெரிய மருத்துவமனைக்குப் போகும் சாலை. ஒன்று தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால். பட்டியலை வைத்திருக்கிறேன்.

கால்வாயைத் தாண்ட வேறு வழி வேண்டும் என்றால் வடக்கே மேட்டுச் சாலையைப் பார். இரண்டு வருடத்துக்கு முன் அதை அகலப்படுத்தியபோது ஓரத்தில் காலிக் குழாய் பதித்துவிட்டார்கள். உள்ளே ஒன்றும் இல்லை. அதன் வரைபடமும் வைத்திருக்கிறேன். சுற்றுத்தான், ஆனாலும் பாலத்தின் பக்கமே வராது.

வேலையைப் பார்.

அண்ணி


செப்டம்பர் 27

அன்புள்ள அண்ணி,

விசாரணையில் நீங்கள் பேசிய பிறகு நான் பேச எழுந்தபோது உங்களைத்தான் முதலில் பார்த்தேன். நீங்கள் அந்தப் பக்க நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தீர்கள். "நான்தான் எழுதினேன். தெரியாம எழுதினேன். இப்ப தெரியும்" என்று மூன்றே வாக்கியம். எங்கள் மேலாளர் நாற்பது பக்கம் தயார் செய்து வந்திருந்தார். அதைப் பிரிக்கவே இல்லை.

உங்களுக்குக் கண்டனக் குறிப்பு என்று கேள்விப்பட்டேன். எனக்கும் உண்டு. கூடவே மாற்றல். அடுத்த மாதம் கிளம்ப வேண்டும். ஆனால் மேட்டுச் சாலைக்கு அனுமதி வந்துவிட்டது. குழாய் நீங்கள் சொன்ன இடத்தில், சொன்ன ஆழத்தில், சுத்தமாக இருந்தது. நூல்கண்டு ஆட்களோடு இருபத்திரண்டு கிலோமீட்டர் கேபிள் இழுத்து முடித்துவிட்டார். "இவ்வளவு சுத்தினா மெதுவாயிடாதா?" என்று மேலாளர் கேட்டார். கண்ணிமைக்கும் நேரத்தில் நூறில் ஒரு பங்குகூட வித்தியாசம் இல்லை என்று அளந்து காட்டினேன்.

கேபிள் போட்டால் மட்டும் போதாது என்பதும் தெரிந்தது. திங்கட்கிழமை, வாக்கி-டாக்கிகளை மாற்று ஏற்பாடாக வைத்துக்கொண்டு, முதல் கேபிளை வேண்டுமென்றே பிடுங்கிப் பார்த்தோம். புதிய வழியில் விளக்கு எரிந்தது. அழைப்பு வரவில்லை. பிடுங்கியதை உடனே திரும்ப மாட்டிவிட்டு, மூன்று மணி நேரம் தேடினோம். அறையிலிருந்து வெளியே போகிற தகவல் புதிய வழிக்கு மாறிவிட்டது. வெளியிலிருந்து உள்ளே வருகிற தகவல் மட்டும் இன்னும் அறுந்த வழியையே பிடித்துக்கொண்டு நின்றது. எதிர்முனையில் இருக்கும் கருவிக்கு யாரும் புது வழியைச் சொல்லிக் கொடுக்கவில்லை. சரிசெய்துவிட்டோம் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்ற சொல்லுக்கு இனிமேல் நான் கையெழுத்துப் போட மாட்டேன். அதனால் வரும் புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு மறுபடி பிடுங்குகிறோம்.

அந்த நேரத்தில் வெளியே ஒரு வீட்டிலிருந்து ஒருவர் அவசர எண்ணை அழைக்க வேண்டும். சோதனைப் படிவத்தில் என் சக ஊழியர் ஒருவரின் பெயரை எழுதினேன். பிறகு அடித்துவிட்டு அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். உங்களைக் கேட்கவில்லை, அண்ணி. நேரத்தை மட்டும் சொல்லி வைக்கிறேன். முடியாது என்றால் ஒன்றும் எழுத வேண்டாம், புரிந்துகொள்வேன்.

உங்கள் நாத்தனார்


அக்டோபர் 4, புதன்

அன்புள்ள நாத்தனாருக்கு,

லீவு போட்டேன். காரணம் என்ன என்று பக்கத்து மேசைக்காரி கேட்டாள். "ஒரு போன் பண்ணணும்" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

பத்தரைக்கே கூடத்தில் போன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அன்று அவர் உட்கார்ந்திருந்த இடம் எனக்கு நேர் எதிரே. வேறு அறையில் இருந்து பேசலாமா என்று நினைத்தேன். வேண்டாம் என்று அங்கேயே இருந்தேன்.

பதினொன்று ஐந்துக்கு அடித்தேன். விரல் தானாகவே எண்களை அழுத்தியது. இரண்டாவது மணியில் ஒரு பெண் எடுத்தாள்.

"சொல்லுங்க, அவசர உதவி. என்ன ஆச்சு?"

என் கண் எதிரே இருந்த அந்த இடத்திலேயே நின்றது.

"அம்மா, நான் பேசறது கேக்குதா? யாருக்காவது உடம்பு முடியலையா?"

"கேக்குது" என்றேன். "யாருக்கும் ஒண்ணும் இல்லம்மா. இது சோதனைக்கு."

"ஓ, நீங்கதானா. சொன்னாங்கம்மா. தெளிவா கேக்குது. வெச்சிடட்டுமா?"

"கொஞ்சம் இரும்மா. முகவரிய எழுதிக்க முடியுமா?"

அவள் ஏன் என்று கேட்கவில்லை. "சொல்லுங்கம்மா" என்றாள். சொன்னேன். கதவு எண். தெரு. தையற்கடைக்கு அடுத்த சந்து, இடது பக்கம் மூன்றாவது வீடு, வண்டி உள்ளே வரும், கேட்டைத் திறந்து வைக்கிறேன் என்பது வரை சொன்னேன். அவள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு நிதானமாகத் திருப்பிப் படித்தாள். ஒரு சொல்கூட விட்டுப்போகவில்லை.

"சரியாம்மா?"

"சரி" என்றேன்.

வைத்துவிட்டு வெகுநேரம் அங்கேயே இருந்தேன். அழுதேன். பொய் சொல்வானேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு அந்தப் பட்டியலை எடுத்தேன். ஏழில் ஒன்றுகூட இன்னும் முடியவில்லை. மருத்துவமனைச் சாலைக்குச் சனிக்கிழமை நாமிருவரும் போகலாம்; நீ மாற்றலில் கிளம்புவதற்குள் அந்த மூடிகளையாவது திறந்து பார்த்துவிட வேண்டும். நூல்கண்டைக் கடப்பாரையோடு வரச் சொல். காலையில் நேரே வீட்டுக்கு வந்துவிடு. இங்கேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம்.

ஒரு தடவை வேலை செய்தது என்று கேபிளை அப்படியே விட்டுவிடாதே. மாதம் ஒருமுறை பிடுங்கிப் பார்க்க வேண்டும் என்று எழுத்தில் வாங்கி வை. வெளியிலிருந்து அழைப்பது யார் என்று கேட்டால் என் எண்ணைக் கொடு. நீ காலியாக விட்ட இடத்தில் என் பெயரை எழுதிக்கொள்.

அன்புடன்,
உன் அண்ணி